சாட்சியில்லாத நாட்கள்

1968-ல் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதர், ஒரு நாள், தன் நாட்குறிப்பின் தாள்களை எண்ணினார். பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சிறிய எஞ்சின் பழுதாகியிருந்தது. பொறி தட்டும் இடத்தில் இருக்கவேண்டிய இடைவெளியை, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை, சரியாக வைக்க வேண்டும். அதை அளக்கும் தகட்டைக் கொண்டுவர மறந்துவிட்டார். கையிலிருந்த நாட்குறிப்பில் ஓர் அங்குலக் கனத்துக்கு 200 தாள்கள். அப்படியானால் ஒரு தாள் ஆயிரத்தில் ஐந்து பங்கு. மூன்று தாள்களைச் சேர்த்துச் செருகி இடைவெளியைச் சரிசெய்தார்.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் புத்தகத்தில் இந்த இடத்தை நான் படித்தது, மூர் மார்க்கெட் எரிவதற்குச் சில வருஷங்களுக்கு முன் அங்கே வாங்கிய அட்டையில்லாத பிரதியில். அதிலிருந்த புயல்களெல்லாம் எனக்கு மறந்துவிட்டன. இந்த மூன்று தாள்கள் மறக்கவில்லை. எழுதுவதற்காக வைத்திருந்த தாள் இத்தனை ஸ்தூலமாகப் பயன்பட்ட இன்னொரு சந்தர்ப்பம் என் வாசிப்பில் இல்லை. எழுத்தைப் பற்றி நாம் பேசிவரும் பெரிய பேச்சுகளுக்கு நடுவே இதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. இத்தனை வருஷம் தள்ளிப்போய்விட்டது.

அந்தப் பந்தயத்தை லண்டனின் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை 1968 மார்ச்சில் அறிவித்தது. தனி ஆளாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யார் உதவியும் பெறாமல், நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை மூன்றையும் சுற்றித் திரும்ப வேண்டும். ஜூன் 1-க்கும் அக்டோபர் 31-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். முதலில் திரும்புகிறவருக்குத் தங்க உருண்டைக் கோப்பை. மிகக் குறைந்த நாட்களில் முடிப்பவருக்கு 5000 பவுன். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். ஒருவர்தான் முடித்தார். அவர் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பி 1969 ஏப்ரல் 22 அன்று அதே இடத்துக்குத் திரும்பினார். 312 நாட்கள்.

அவருடைய படகு ‘சுஹைலி’ பம்பாயில் கட்டப்பட்டது. 32 அடி நீளம், தேக்கு. பம்பாய்த் தச்சர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளை வைத்தே செதுக்கி எழுப்பியது. பாரசீக வளைகுடாவின் அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வைத்திருந்த பெயர் அது. பந்தயத்தில் கிளம்பிய படகுகளில் இது மெதுவானது, பார்வைக்குப் பழையது; யாரும் அதன்மேல் பணம் கட்டியிருக்கமாட்டார்கள். முடித்துக் காட்டிய ஒரே படகும் அதுதான் என்பதைச் சொல்லாமல் போனால் அந்தத் தச்சர்களுக்குச் செய்யும் அநியாயம்.

‘பந்தயம்’ என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. சுஹைலியின் சராசரி வேகம் மணிக்கு நான்கு கடல் மைல். வேகமாக நடக்கிறவனைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. போட்டியாளர்கள் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு ஊர்களிலிருந்து கிளம்பியவர்கள். ஒருவரையொருவர் கண்ணால் பார்க்கவே வழியில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டனின் வானொலியில் செய்தி அனுப்பும் பகுதி இரண்டரை மாதங்களுக்குள் செத்துவிட்டது. நவம்பரில் நியூஸிலாந்தின் ஒடாகோ துறைமுக வாயிலில் மணலில் தரைதட்டி நின்றபோது ஒரு பத்திரிகையாளரோடு பேசினார். அதற்குப் பிறகு நாலரை மாதம் அவரைப் பற்றி உலகத்துக்கு ஒன்றும் தெரியாது. அவர் உயிரோடிருந்தார் என்பதற்கு அந்த நாட்களில் இருந்த ஒரே அத்தாட்சி அவர் கையால் எழுதிய நாட்குறிப்பு. அதுவும் அவரோடுதான் இருந்தது.

நாள் என்பது கடலில் நாம் நினைக்கிற நாள் இல்லை. நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் செக்ஸ்டன்டால் அதன் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். தீர்க்கரேகைக்குத் துல்லியமான நேரம் வேண்டும். க்ரோனோமீட்டர் நான்கு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு மைல் பிசகும். ஒரு நண்பகல் குறியிலிருந்து அடுத்த நண்பகல் குறிவரை கடந்த தூரமே ஒரு நாளின் ஓட்டம். கிழக்கே ஒரு பாகை நகர்ந்தால் நண்பகல் நான்கு நிமிஷம் முந்தி வருகிறது. எனவே கிழக்கு நோக்கிப் போகிறவனுடைய நாள் எப்போதும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் குறைவெல்லாம் சேர்ந்து, உலகைச் சுற்றி முடிக்கும்போது ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும். ஃபால்மத்தில் இருந்தவர்களுக்கு 312 முறை உதித்த சூரியன், சுஹைலிக்கு ஒருமுறை கூடுதலாக உதித்தது.

அந்த நாட்களை அவர் எதைக்கொண்டு நிரப்பினார்? ஒழுகல் அடைப்பதும் பாய் தைப்பதும் சமைப்பதும் தூங்க முயல்வதும். ஆப்பிரிக்காவின் மேற்கே, பந்தயம் தொடங்கிச் சில வாரங்களிலேயே, நீர்மட்டத்துக்குக் கீழே பலகை இணைப்பில் ஒழுகல் கண்டது. கடலில் குதித்து, மூச்சுப் பிடிக்கும் நேரத்துக்கு ஓர் ஆணி என்ற கணக்கில், தார் பூசிய கித்தான் பட்டையை அடித்து, அதன்மேல் செம்புத் தகட்டை வைத்து மூடினார். வெள்ளைத் தோல் சுறாவின் கண்ணில் படாமலிருக்கக் கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டார். சுறா வரத்தான் செய்தது. படகில் ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, வேறு சுறா வருகிறதா என்று சிறிதுநேரம் பார்த்திருந்துவிட்டு, மறுபடி இறங்கி மீதி ஆணிகளை அடித்தார். வாரப் பத்திரிகை சாகசக் கட்டுரையாளன் சுறாவில் நின்றுவிடுவான். எனக்கு ‘மீதி ஆணிகள்’ முக்கியம்.

தென்கடலில் செப்டம்பரில் ஒரு அலை படகையே பக்கவாட்டில் சாய்த்தது. குடிநீர்த் தொட்டி கெட்டுப்போனதைப் பிறகுதான் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் பாயில் வழியும் மழைநீரைப் பிடித்துக் குடித்தார். பாட்டரி அமிலம் கண்ணில் தெறித்தது. பார்வை போய்விடுமோ என்ற சந்தேகத்தோடு நாட்களைக் கழித்தார், திரும்பவில்லை. தானாகத் திசைபிடிக்கும் கருவி ஆஸ்திரேலியாவை எட்டுமுன் முற்றாக உடைந்தது. மீதி உலகத்தைப் பாய்களின் சமநிலையாலும் தன் கையாலும் சுற்றினார். உப்பு ஏறிய துணி உலராது. காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலேயே தூக்கம். காற்று நல்லபடியாக இருந்த வெப்பக்கடல் நாட்களில் முன்பக்கத்திலிருந்து கடலில் குதித்து, படகோடு போட்டி போட்டு நீந்தி, பின்பக்கம் தன்னைக் கடக்கும்போது கயிற்றைப் பற்றி ஏறுவார். தப்பினால் அதோடு சரி. இது அவருடைய குளியல்.

1968 கிறிஸ்துமஸ் அன்று ஹார்ன் முனையை நெருங்கிக்கொண்டிருந்தார். வாங்கும் வானொலி மட்டும் வேலைசெய்தது. அமெரிக்க நிலையம் ஒன்றில், மூன்று மனிதர்கள் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருப்பதைக் கேட்டார். அப்பல்லோ 8. அவர்கள் மூச்சுவிடுவதைக்கூட ஹூஸ்டனில் அளந்துகொண்டிருந்தார்கள். இவர் எங்கே இருக்கிறார் என்று இவருடைய அம்மாவுக்கே தெரியாது. புறப்படுமுன் இவரை ஒரு பத்திரிகை மனநல மருத்துவரிடம் அனுப்பியிருந்தது. மருத்துவர் கொடுத்த முடிவு, கவலைப்படும் அளவுக்கு இயல்பான மனிதர் என்பது. திரும்பியபின்னும் அதே மருத்துவர், அதே முடிவு. நம்முடைய நவீனத்துவ வாசகருக்கு இந்த மனிதரைப் பிடிக்காது. எனக்கும் வெகுநாள் பிடிக்கவில்லை.

பிடித்தவர் பெர்னார் மொய்த்தெஸியே. ஹனோயில் பிறந்து, இந்தோசீனாவில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர். ‘ஜோஷுவா’ என்ற எஃகுப் படகில் 1968 ஆகஸ்ட் 22 அன்று பிளிமத்திலிருந்து கிளம்பினார். பத்திரிகை இலவசமாகத் தந்த வானொலியை வேண்டாமென்றார். கப்பல்களைக் கண்டால், செய்தியையும் ஃபிலிம் சுருளையும் டப்பியில் அடைத்து உண்டிவில்லால் அவற்றின் தளத்துக்கு எறிந்தார். மேல்தளத்தில் யோகாசனம் செய்தார். ஹார்ன் முனையைத் தாண்டி, ஜெயிக்கும் வாய்ப்போடு வடக்கே திரும்பவேண்டிய நேரத்தில் கிழக்கேயே போய்விட்டார். 1969 மார்ச்சில் கேப் டவுன் அருகே ஒரு கப்பலுக்கு உண்டிவில்லால் அனுப்பிய செய்தியில், கடலில் சந்தோஷமாக இருப்பதாகவும், ஒருவேளை தன் ஆத்மாவைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவும் பசிபிக்குக்குப் போவதாகச் சொன்னார். ஜூன் 21 அன்று தஹிதித் தீவில் கரையிறங்கினார்.

இருபத்தைந்து வயதில் இதைவிட உயர்ந்த செய்கை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அந்த உண்டிவில் என்னை உறுத்துகிறது. உலகத்தை உதறியவருக்கு ஃபிலிம் சுருள் ஏன் கரைசேர வேண்டும்? பரிகாசமாகக் கேட்கவில்லை. அவரும் நாள்தோறும் எழுதினார், அழகாக எழுதினார், 1971-ல் அது புத்தகமாயிற்று. சாட்சி வேண்டாதவர்கள் இந்தப் பந்தயத்தில் யாருமில்லை என்று எனக்குப் படுகிறது.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை எழுத்தனாகச் சேர்ந்த புதிதில் கொல்லைப்புறத்து மழைமானி என் பொறுப்பில் இருந்தது. தினம் காலை 8.30 மணிக்குச் சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் மில்லிமீட்டரில் எழுத வேண்டும். ஓர் ஐப்பசியில் காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டேன். வேறு யாரும் மழைமானிப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்தபோது ஐந்து கட்டங்கள் காலி; கலத்தில் ஐந்து நாள் மழையும் ஒன்றாகக் கிடந்தது. அளந்தேன், நூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர். “பிரிச்சுப் போட்டுடுப்பா” என்றார் மேலே இருந்தவர்.

பிரித்துப் போட்டேன். அளப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். பிரிப்பதற்கு ஒரு முற்பகல் ஆயிற்று. எந்த ராத்திரி ஓடு சத்தம்போட்டது, எந்தக் காலை தெருவில் குடை போயிற்று என்று வீட்டில் விசாரித்து வந்திருந்தேன். முழு எண்ணாகப் போட்டால் பொய்யென்று தெரியும். தசமப் புள்ளிக்குப் பின்னால் கவனமாக ஒரு மூன்று, ஒரு ஏழு. ஒரு நாளுக்குச் சுழியம் போட்டால் நம்பகமாக இருக்கும் என்று தோன்றிற்று. கூட்டுத்தொகை உண்மை. நாட்கள் ஐந்தும் பொய். யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் மற்ற நாட்களின் எண்களையும் என்னால் நம்ப முடியாமல் போனதுதான் நான் எதிர்பாராதது.

ஆகையால் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் விஷயத்தில் நான் நீதிபதி இல்லை.

அவர் மின்னணுப் பொறியாளர். மாலுமிகளுக்கான கருவி செய்து விற்கும் சிறு கம்பெனி நடத்தி நொடித்துக்கொண்டிருந்தவர். மனைவி, நான்கு குழந்தைகள். பந்தயத்துக்காக ஒரு மூன்றுடல் படகு கட்டினார், ‘டைன்மத் எலக்ட்ரான்’. (இந்த ஜாதிப் படகை ஆங்கிலத்தில் ட்ரைமரான் என்பார்கள்; நம் கட்டுமரத்தை வெட்டி ஒட்டிய சொல். கட்டைகளைக் கட்டி மிதக்கவிட்ட நம் மீனவர்கள் இதைக் கட்டுமரம் என்று ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு.) பணம் போட்டவரோடு ஒப்பந்தம்: பந்தயத்தைச் சரியாகத் தொடராவிட்டால் படகை க்ரோஹர்ஸ்டே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் திவால். கெடு முடியும் அக்டோபர் 31 அன்று, பாதி வேலை முடியாத படகில் கிளம்பினார். அடியறை நீரை இறைக்க வேண்டிய குழாய்கூடக் கரையிலேயே தங்கிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் பழுதுகளைப் பட்டியலிட்டு, இந்தப் படகோடு தென்கடலுக்குப் போனால் பிழைப்பது சந்தேகம் என்று தெளிவாகவே எழுதினார். முன்னால் போனால் சாவு, பின்னால் வந்தால் திவால். டிசம்பர் முதல் வாரத்தில் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்: அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டிருப்பது, உலகைச் சுற்றுவதாக எழுதுவது.

ஒரே நாளில் 243 மைல் ஓடியதாக அவர் தந்தியடித்தபோது பத்திரிகைகள் சாதனை என்று கொண்டாடின. நடுவர் குழுத் தலைவர் பிரான்சிஸ் சிசெஸ்டர் மட்டும் சந்தேகப்பட்டார். அந்த ஓட்டத்துக்காக க்ரோஹர்ஸ்ட் போட்ட கணக்குத் தாள்கள் பிறகு படகில் அகப்பட்டன. நேர்மையான மாலுமி சூரியனை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கிறான். இவர் இல்லாத இடத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கே நின்றிருந்தால் சூரியன் எந்த உயரத்தில் தெரிந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். தன் உண்மையான இடத்தையும் விடாமல் குறித்துவர வேண்டும், இல்லாவிட்டால் உண்மையிலேயே தொலைந்துபோவார். இரண்டு கடல்கள், இரண்டு நண்பகல்கள். தான் போயிருக்கவேண்டிய கடல்களின் வானிலை அறிக்கைகளை வானொலியில் கேட்டுக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். பொய்யான நாளுக்கும் காற்று வேண்டும், மேகம் வேண்டும். என்னுடைய குடையும் ஓட்டுச் சத்தமும்தான், பெருங்கடல் அளவில்.

ஜனவரி 19-க்குப் பிறகு வானொலியை நிறுத்திவிட்டார். மார்ச்சில், விதியை மீறி, அர்ஜென்டினாவின் ரியோ சலாடோவில் கரையொதுங்கிப் படகுக்கு ஒட்டுப்போட்டார். உலகம் அவரைத் தென்கடலில் தேடியது. ஏப்ரலில், ஹார்ன் முனைப் பக்கமிருந்து வருகிறவராக மறுபடி செய்தியனுப்பினார். கடைசியாக வந்து சேர்ந்தால் லாக் புத்தகங்களை யாரும் துருவ மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு என்றுதான் தெரிகிறது.

இந்தப் பொய்க்கு விலை கொடுத்தவர் நைஜல் டெட்லி, கடற்படை அதிகாரி. அவருடைய மூன்றுடல் படகு ‘விக்ட்ரஸ்’ அவருக்கும் மனைவிக்கும் வீடாகவே இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனி ஆதரவில் கிளம்பியவர். இசை கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். மூன்று முனைகளையும் சுற்றி, போகும்போது போட்ட தடத்தைத் திரும்பக் கடந்தும்விட்டார். நிதானமாக வந்திருந்தால் 5000 பவுன் அவருக்கு. பின்னால் க்ரோஹர்ஸ்ட் துரத்திவருவதாக நம்பி, ஏற்கெனவே ஓட்டை விழுந்து ஒட்டுப்போட்ட படகை விரட்டினார். 1969 மே 21 அன்று, அஸோர்ஸ் தீவுகளைத் தாண்டி, வீட்டுக்குச் சுமார் ஆயிரத்து நூறு மைல் இருக்கும்போது விக்ட்ரஸ் மூழ்கியது. அவரைக் காப்பாற்றினார்கள். 1972-ல் இறந்துபோனார். இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மொய்த்தெஸியேயிடமும் க்ரோஹர்ஸ்டிடமும் மயங்கி, டெட்லியை ஒரு பத்தியில் தள்ளிவிடுகிறார்கள். நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

டெட்லி மூழ்கியதும் க்ரோஹர்ஸ்ட் ஜெயிக்க வேண்டியவரானார். துறைமுகத்தில் வரவேற்பு தயாராயிற்று. ஜூன் 24 முதல் அவர் லாக் புத்தகத்தில் காற்றையும் தூரத்தையும் விட்டுவிட்டு, கடவுள், காலம், கணிதம், பிரபஞ்ச விளையாட்டு என்று ஒரு வாரத்தில் சுமார் 25,000 சொற்கள் எழுதினார். அதை ஆழ்ந்த தத்துவமாக வாசிக்கிறவர்கள் உண்டு. தனிமனிதன் உடையும் இடத்தில் ஒளி தெரியும் என்ற எண்ணம் நம் சிறுபத்திரிகை எழுத்திலும் செல்லுபடியாகிற நாணயம். என் கண்ணில் படுவது வேறு. அந்த நாட்களில் அவருடைய கடிகாரம் சாவி கொடுக்கப்படாமல் நின்றுபோயிற்று. நிலவையும் சூரியனையும் வைத்து இன்று எந்தத் தேதி, என்ன மணி என்று கணக்கிட்டார். ஏழு மாதம் இல்லாத இடங்களுக்கெல்லாம் நுட்பமாகக் கணக்குப் போட்டவர், அதில் பிழை செய்தார். ஜூலை 1-ன் கடைசிப் பதிவுகளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மணி, நிமிஷம், விநாடி.

நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கே 5000 பவுனும் வந்தது. அதை அவர் க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். லாக் புத்தகங்களை வைத்து உண்மையைத் துலக்கி நிக்கலஸ் டோமலினும் ரான் ஹாலும் 1970-ல் புத்தகம் எழுதினார்கள். இருவரும் பந்தயத்தை நடத்திய அதே பத்திரிகையைச் சேர்ந்தவர்கள்.

2018-லும் 2022-லும் இதே பந்தயத்தைப் பழைய கருவிகளோடு மறுபடி நடத்தினார்கள். 2018-ல் கோவாவில் கட்டிய சுஹைலியின் நகலில் போன நம் கடற்படையின் அபிலாஷ் டோமி, இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி மீட்கப்பட்டார். 2022-ல் வேறு படகில் மறுபடி போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். படகோட்டிக்கு செக்ஸ்டன்ட்தான். ஆனால் படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் கரைக்குச் சொல்லிக்கொண்டேயிருந்தது. தான் இருக்கும் இடம் அவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியாது. இனி ஒரு க்ரோஹர்ஸ்ட் சாத்தியமில்லை. மூன்று தாள்களை எண்ணிய அந்த நாளும் அப்படியே சாத்தியமா என்று எனக்குச் சந்தேகம்.

1969 ஜூலை 10 அன்று, கரீபியன் போய்க்கொண்டிருந்த ‘பிகார்டி’ என்ற தபால் கப்பல், அட்லாண்டிக் நடுவில் பாய் விரித்தபடி மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மூன்றுடல் படகு ஒன்றைக் கண்டது. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. ஏறிப் பார்த்தவர்கள் கழற்றிப்போட்ட வானொலிப் பாகங்களையும், தொட்டியில் கழுவாத பாத்திரங்களையும், மேஜைமேல் லாக் புத்தகங்களையும் கண்டார்கள். படகைத் தூக்கித் தங்கள் தளத்தில் ஏற்றிவைத்தார்கள். பிறகு கப்பல் தலைவர் தன் அறையில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினார்.